அழைக்கும் பெயர்

அரியநாச்சிபட்டினத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை மணி அடித்து ஓய்ந்து, மீன் சந்தை பாதிக்கு மேல் கூடியிருந்த வேளையில், ஊரிலிருந்த செல்லப்பெயர்கள் எல்லாம் போய்விட்டன. காற்று அடிக்கவில்லை, கடல் உள்வாங்கவில்லை, நாய்கள் ஊளையிடவில்லை. சாளை மீன் வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தி, கூட்டத்தில் கையை விட்டு நழுவிப்போன மகனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் திறந்தது, மூச்சு வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த பெயர்தான் வந்தது. "சண்முகசுந்தரபாண்டியன்!" என்று அவள் கத்த, அது தன்னைத்தான் என்று தெரியாமல் அந்தப் பையன் ஐஸ் வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று மத்தியானத்துக்குள் எல்லா வீட்டிலும் தெரிந்துவிட்டது. சீர் வந்த பித்தளைக் குடங்களில் வெட்டியிருந்த பெயர்கள் தேய்ந்து வழவழப்பாகக் கிடந்தன. ஆட்டோவின் முதுகில் எழுதியிருந்த பிள்ளைகளின் பெயர்கள் இருந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட் மட்டும் இருந்தது. கையில் பச்சை குத்தியிருந்தவர்கள் வெறும் தோலைத் தடவிப் பார்த்தார்கள். மும்பையிலிருந்தும் துபாயிலிருந்தும் போனில் கூப்பிட்ட அக்காமார், அண்ணன்மார் பேச்சில் அந்தப் பெயர் வருகிற இடம் வந்ததும் லைன் விட்டுப்போய், பெயரைத் தாண்டியதும் திரும்ப வந்தது.

காரணத்தை ஊர் ரொம்பத் தேடவில்லை. நகராட்சியில் அன்று காலை பெரிய அட்டவணையைத் திருத்தினார்கள் என்பதும், அது முடியும்வரை ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன், தண்ணீர் லாரி எதுவும் ஓடாது என்பதும் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொன்ன சங்கதிதான்.

அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டவன் செல்வின் துரை. முப்பதைத் தாண்டியவன், உள்ளூர்க்காரன், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திரும்பி வந்தவன். ஊரில் பிறந்த ஒவ்வொருவருக்கும் அவனுடைய அட்டவணையில் ஒரு வரிசை இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் கதவு எண், ரத்தப் பிரிவு, கார்டு நம்பர் என்று கட்டங்கள் இருந்தன. வந்த ஒவ்வொரு அதிகாரியும் ஆளுக்கொரு கட்டத்தைச் சேர்த்துவிட்டுப் போனதில் அட்டவணை அகன்று கனத்து, ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு சீட்டுக் கேட்டால் அது வருவதற்குள் காய்ச்சல்காரர்கள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார்கள். எதை எடுக்கலாம் என்று பார்த்தபோது 'அழைக்கும் பெயர்' என்ற கட்டம் கண்ணில் பட்டது. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே சாமியின் பெயர் என்பதால் யாரோ ஒரு பழைய அதிகாரி அடையாளத்துக்காகச் சேர்த்தது. எந்தத் திட்டமும் அதைக் கேட்பதில்லை. எடுத்துவிடலாம் என்றார் நகராட்சி ஆணையர் அம்மா.

ஒரு கட்டத்தை எடுப்பது கோட்டை அழிப்பது போன்ற காரியம் இல்லை. ஊரையே ஒவ்வொரு ஆளாகப் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குக் குடிமாற்றுகிற காரியம். கடைசி ஆள் போய்ச் சேரும்வரை இரண்டு வீட்டுக் கதவையும் பூட்டி வைக்க வேண்டும். செல்வின் அதைச் செய்தான். அரை நாளில் முடித்தான். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி ஜன்னலில் கேட்ட உடனே சீட்டு வந்தது.

பெயர்கள் போன பிறகு ஊர் எப்படி இருந்தது என்றால், எல்லா வீடும் அலுவலகம் போல ஆகிவிட்டது. தாய்மார் பிள்ளைகளை முழுப்பெயர் சொல்லிச் சோறுண்ணக் கூப்பிட, பிள்ளைகள் தப்புச் செய்துவிட்டது போல விறைத்து வந்து உட்கார்ந்தார்கள். தாலி கட்டி முப்பது வருஷமான தம்பதிகள் ஒருவரையொருவர் கூப்பிடத் தெரியாமல் கையைத் தட்டினார்கள், கதவைத் தட்டினார்கள், தம்ளரைத் தரையில் தட்டினார்கள். புதிதாகச் செல்லப்பெயர் வைத்துப் பார்த்தவர்களுக்கும் அது வாயில் நிற்கவில்லை. காலையில் வைத்தது விளக்கேற்றும் முன் வழுக்கிப் போனது. கொஞ்ச நாளில் பழகிக்கொண்டார்கள். நல்லதும் நடந்தது. தெருக் கூட்டுகிற சுடலைமணியைப் பிறந்ததிலிருந்து ஊர் ஒரு சொல்லால் கூப்பிட்டு வந்தது. அதை இங்கே எழுத முடியாது, எழுதினாலும் நிற்காது. இப்போது ஜவுளிக்கடை முதலாளியும் வேறு வழியில்லாமல் "சுடலைமணி" என்றார். அவன் முதல் தடவை கேட்டபோது விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னான்.

பெயர்கள் போன மறுநாள், திங்கட்கிழமை, நகராட்சி வாசல் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்தவள் சங்கரகோமதி. உப்பளத்தில் வேலை செய்யும் ஆறுமுகநயினாரின் மனைவி. நேராகச் செல்வினின் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், எம்பிள்ளை பேரு போயிட்டு."

"எல்லாருக்கும் போயிருக்கும்மா. பள்ளிக்கூடத்துப் பேரு இருக்கும்லா? அது போகாது."

"பள்ளிக்கூடத்துக்குப் போகலயே."

"ஆதார்ல குடுத்த பேரு?"

"எடுக்கல சார். முடியிறக்கிக் காது குத்தி, சாமி முன்னால வச்சுப் பேரு விடலாம்னு இருந்தோம். பங்குனிக்குப் போகணும்னு துணியெல்லாம் எடுத்தாச்சு. மாசியிலயே காய்ச்சல் வந்து போயிட்டா, வருஷம் பல ஆச்சு." அவள் அழவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். "அவளுக்கு இருந்ததே அந்த ஒரு பேருதான். தடுப்பூசி போடப் போனப்போ நர்ஸம்மா கேட்டாங்க, வீட்ல கூப்பிடுத பேரையே போடுங்கன்னு சொன்னேன். அதை எடுத்துக் குடுங்க, போதும்."

"பாக்கேன்மா. பேக்கப் இருக்கு. பாத்துச் சொல்லுதேன்."

அவள் போனதும் பார்த்தான். பேக்கப்பில் செல்லப்பெயர்கள் இருந்தன. ஆனால் அவனும் அந்த ஊர்க்காரன்தான். திரையில் அந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது, அங்கே எத்தனை எழுத்து இருக்கிறது என்று மட்டும் இயந்திரம் சொன்னது. அவற்றைத் திரும்ப ஓடுகிற சர்வருக்குக் கொண்டுவந்தால்தான் வாய்க்கு வரும் என்று புரிந்துகொண்டான். பிறகு சங்கரகோமதியின் மகளுடைய வரிசையைத் தேடினான். இல்லை. கதவு எண்ணை வைத்துத் தேடினான், தாயின் பெயரை வைத்துத் தேடினான். ஏன் இல்லை என்பது அவனுக்குத் திடீரென்று நினைவுக்கு வந்தது. நாற்காலியை விட்டு எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தான். அதை அவளிடம் அவன் சொல்லவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவள் வந்து நின்றபோது, "பாத்துட்டு இருக்கேன்மா" என்றான்.

வீட்டில் வேறொன்று நடந்தது. பிள்ளை போனதிலிருந்து ஆறுமுகநயினார் அந்தப் பெயரைச் சொல்லி ஒருநாளும் சங்கரகோமதி கேட்டதில்லை. தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டவன் அவன்தான். சின்னச் சட்டைகளை யாருக்கோ கொடுத்தவனும் அவன்தான். மறந்துவிட்டான் என்று அவள் மனதுக்குள் ஒரு கசப்பை வைத்திருந்தாள். அந்த வாரத்தில் ஒருநாள் உப்பளத்து மேஸ்திரி அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டார்.

"பாத்தியில இறங்குதான், பலகையைப் பிடிக்கான், உப்பை வார மாட்டேங்கான். வாயைத் திறந்து திறந்து மூடுதான். என்னன்னு கேட்டா அழுதான்மா."

மேஸ்திரி போன பிறகு அவள் கேட்டாள். "என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒவ்வொரு இழுப்புக்கும் அவ பேரைச் சொல்லித்தான் இழுப்பேன்" என்றான் அவன். "இத்தனை வருஷமும் அப்படித்தான். இப்போ கை வர மாட்டேங்கு."

சங்கரகோமதி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உப்பில் வெடித்த அவன் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லா" என்றாள். பொழுது சாயும்வரை இருவரும் அந்தப் பெயரை நினைவில் தேடிப் பார்த்தார்கள். பிள்ளை அந்தப் பெயருக்கு எப்படித் தலையைத் திருப்புவாள் என்பது இருவருக்கும் ஞாபகம் இருந்தது, எச்சில் ஒழுகச் சிரிப்பது இருந்தது, அவளைத் திரும்பவைத்த அந்தச் சத்தம் மட்டும் இல்லை.

பெயர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஊரில் பேச்சு வலுத்ததும், ஆணையர் அம்மா கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார். செல்வின் எழுந்து நின்று சொன்னான். கட்டத்தைத் திரும்பச் சேர்க்கலாம். ஆனால் மறுபடி ஊர் முழுவதையும் குடிமாற்ற வேண்டும், எல்லோருடைய பெயரையும் நிரப்பியபடியே மாற்றுவதால் இந்தத் தடவை கதவு ரொம்ப நேரம் பூட்டியிருக்கும், ஆஸ்பத்திரியும் தண்ணீரும் நிற்கும், அதன் பிறகு எல்லாம் பழையபடி மெதுவாகிவிடும்.

"மெதுவா போனா போகட்டும்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எம்மகன் நான் கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கான்."

அப்போது பின்னாலிருந்து சுடலைமணி எழுந்தான். கூட்டத்தில் அவன் பேசியது அதுவே முதல் தடவை.

"எல்லார் பேரையும் கொண்டாங்க. என் பேரைக் கொண்டுவராதீங்க" என்றான். "எங்கய்யாவுக்கும் இப்படி ஒரு பேரு வச்சிருந்திய. அவர் செத்தப்போ போஸ்டர்ல அதையேதான் போட்டிய. எம்மகளுக்கு இப்போதான் நடை வருது, அவ காதுல அது விழக் கூடாது. எனக்கு வேண்டாம்."

ஜவுளிக்கடை முதலாளி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனைப் போல ஒன்றிரண்டு பேர் மெதுவாக எழுந்தார்கள். கால் விளங்காத ஒரு பெண், மாறுகண்ணுள்ள ஒரு வாத்தியார், இன்னும் சிலர். அவர்களும் வேண்டாம் என்றார்கள்.

செல்வின்தான் வழி கண்டான். பெரிய அட்டவணையைத் தொட வேண்டாம், அதன் பக்கத்தில் சின்னதாக ஒன்று போடலாம், வேண்டும் என்று கேட்கிறவர்களுடைய பெயரை மட்டும் பேக்கப்பிலிருந்து எடுத்து அதில் வைக்கலாம், எந்தக் கதவையும் பூட்ட வேண்டியதில்லை என்றான். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். செய்திருக்கலாம் என்று செல்வின் ஒப்புக்கொண்டான்.

அந்த வாரம் நகராட்சி வாசலில் திருவிழா போலக் கூட்டம். ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் நம்பரைச் சொல்வார்கள், செல்வின் தட்டுவான், வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற தாயோ மனைவியோ வாயைத் திறப்பாள், பெயர் வந்துவிடும். வழுக்கைத் தலையோடு இருந்த ஒரு துறைமுகக் கிளார்க்கை அவருடைய அக்கா கூப்பிட்டாள். கேட்டதும் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சந்தையில் மகனைத் தொலைத்தவள் அவன் பெயரை ஓயாமல் சொல்லிக்கொண்டே அவனைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்துப்போனாள். செல்வினின் அம்மாவும் வந்து நின்றார். அவன் தன் நம்பரைக் கடைசியாகப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

வரிசையில் தினமும் சங்கரகோமதி நின்றாள். அவள் முறை வரும்போதெல்லாம் செல்வின் சாப்பிட எழுந்து போனான், அல்லது மெஷின் ஹேங் ஆகிவிட்டது என்றான். கூட்டம் வடிந்து, வேப்பமரத்தடியில் யாரும் இல்லாமல் போன நாளில் அவளும் ஆறுமுகநயினாரும் மட்டும் இருந்தார்கள். உள்ளே வந்தார்கள். அவள் நிற்க, கணவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"சொல்லுங்க தம்பி" என்றாள் சங்கரகோமதி. சார் என்று சொல்லவில்லை. "இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

செல்வின் சொன்னான். ஆணையர் அம்மா அரை நாள்தான் தந்தார். உள்ளபடியே ஊரைக் குடிமாற்றினால் அரை நாள் போதாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பாரத்தைக் குறைத்தான். முழுப்பெயர்க் கட்டம் காலியாக, கார்டு இல்லாமல், வரி இல்லாமல், எதற்கும் பயன்படாமல் கிடந்த வரிசைகளை எல்லாம் வெற்று வரிசை என்று நினைத்து நீக்கினான். அதற்குப் பிறகு பேக்கப் எடுத்தான். ஒரு நகல் வைக்கத்தான் இடம் இருந்தது. புது நகல் பழைய நகலின் மேலேயே எழுதப்பட்டுவிட்டது.

"அதெல்லாம் பிள்ளைங்கன்னு நான் யோசிக்கல" என்றான். "பேரில்லாத வரிசைன்னுதான் பாத்தேன்."

ஆறுமுகநயினாருக்கு முதலில் புரியவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தான், பிறகு புரிந்தது.

"எவ்வளவு நேரம் மிச்சமாச்சு தம்பி?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"கொஞ்ச நேரந்தான் அண்ணாச்சி" என்று சொல்லும்போதே செல்வின் உடைந்து அழுதான்.

அழுது முடியும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "வெளியூர்ல யாருக்காவது அந்தப் பேரு தெரியுமா? நம்ம கண்ணுக்குத் தெரியாட்டியும், அவங்க வந்து தட்டிவிட்டாலே போதும், ஏறிரும்."

"ஊரை விட்டு அவளை ஒரு நாளும் வெளியே கொண்டு போகல" என்றாள் சங்கரகோமதி. "பங்குனியில சாமி கும்பிடப் போறதுதான் முதல் பயணமா இருந்திருக்கும்."

அவள் அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "எம்பிள்ளை மாதிரி எத்தனை பேரு?"

"நிறையப் பேரும்மா."

"அவளுக்கு ஒரு வரிசை திரும்பப் போடலாமா?"

"போடலாம். தாய் தகப்பன் பேரு, பிறந்த தேதி எல்லாம் போடலாம். பேரு என்னன்னு..." அவன் நிறுத்தினான். "இப்போ ஒரு பேரு வச்சாலும் ஏத்தித் தரலாம்மா. பள்ளிக்கூடத்துப் பேரு மாதிரி. அது நிக்கும்."

"அந்தப் பேருக்கு அவ திரும்ப மாட்டா" என்றான் ஆறுமுகநயினார்.

சங்கரகோமதி தலையாட்டினாள். "ஒண்ணும் எழுதாதிய தம்பி. காலியா விடுங்க. பேரு இல்லாட்டியும் இடம் இருக்கட்டும். இனிமே யாரு வந்து எடுக்கச் சொன்னாலும் எடுக்காதிய."

செல்வின் அவள் முன்னாலேயே அந்த வரிசையைப் போட்டான். தாய், தகப்பன், தேதி, கதவு எண். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அவள் திரையில் அந்த வெறும் இடத்தை விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

செய்தி பரவியபோது மற்றவர்களும் வந்தார்கள். சத்தமில்லாமல், தனித்தனியாக, பகல் வேளையில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிறந்த அன்றே போன பிள்ளைக்கு, பாலை முகர்ந்துகூடப் பார்க்காத பிள்ளைக்கு, இப்போது இருந்திருந்தால் பேரன் எடுத்திருக்கும் பிள்ளைக்கு வரிசை போடச் சொன்னார்கள். ஜவுளிக்கடை முதலாளியும் மனைவியோடு வந்தார். அவர்களுக்கு அப்படி ஒன்று இருந்தது ஊரில் யாருக்கும் தெரியாது. அட்டவணை மறுபடி கனத்தது. ஆஸ்பத்திரி ஜன்னலில் சீட்டு வரத் தாமதமாயிற்று. புதிதாக வந்த டாக்டர் ஒருவர் இது என்ன கோளாறு என்று சத்தம் போட்டபோது, வரிசையில் நின்ற கர்ப்பிணி ஒருத்தி, "பிள்ளைங்க போகுது சார், கொஞ்சம் பொறுங்க" என்றாள். அவருக்கு விளங்கவில்லை. மற்றவர்கள் யாரும் விளக்கவுமில்லை.

செல்வின் தன் நம்பரைப் போடவே இல்லை. அவனுடைய அம்மா கடைசிவரை அவனைச் செல்வின் துரை என்றே கூப்பிட்டார்.

ஐப்பசி மழையில் உப்பளம் மூடுவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், எதிர்வீட்டுப் பெண் குளிக்கப் போகும்போது தன் கைக்குழந்தையைச் சங்கரகோமதியிடம் விட்டுப் போனாள். குழந்தை தூங்காமல் சிணுங்கியது. சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபடி, பிள்ளை போன நாளிலிருந்து பாடாத தாலாட்டை அவள் எடுத்தாள். மாமன் வந்த கதை, மாமன் கொண்டுவந்த வளையல், வளையல் போட்ட கை என்று பாட்டு போய், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்துக்கு வந்தது. அங்கே நின்றாள். அந்தப் பெயர் இருக்கிற அளவுக்கு மூச்சை விட்டாள். பிறகு அடுத்த வரிக்குப் போனாள். எதிர்வீட்டுக் குளியலறையிலிருந்து அந்தப் பெண் தன் குழந்தையின் பெயரைக் கத்திச் சொன்னாள், மறந்துவிட்டதாக்கும் என்று நினைத்து.

"தெரியும்மா" என்றாள் சங்கரகோமதி. "இது அந்தப் பேருக்கு உள்ள இடம் இல்ல."

மறுபடி வளையல் வந்தது, கை வந்தது. வேலை முடிந்து தூக்குவாளியோடு வந்த ஆறுமுகநயினார் தெருவில் அப்படியே நின்றுவிட்டான். பாட்டு அந்த இடத்துக்கு வந்து நின்றபோது அவன் வாய் திறந்தது. உதடுகள் ஒன்றை வனைந்து பார்த்தன, விட்டன, இன்னொரு தடவை வனைந்தன. சத்தம் வரவில்லை. ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே, தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி, அவன் வாய் மூடும்வரை பொறுத்திருந்து, அவள் அடுத்த வரியை எடுத்தாள்.